பட்டியலும் கைகளும்: மருத்துவமனைப் பராமரிப்பின் தரம் குறித்து ஒரு விசாரணை

1. கேள்வி

நோயாளியை எப்படியாவது மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்று நாம் நம்புகிறோம். நம் பொதுச் சுகாதாரக் கொள்கையும் நெடுங்காலம் இந்த நம்பிக்கையில்தான் நடந்தது. 2005இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா திட்டம், மருத்துவமனையில் பிள்ளை பெறும் தாய்க்குப் பணம் கொடுத்தது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2005-06இல் 38.7 விழுக்காடாக இருந்த மருத்துவமனைப் பிரசவம், 2015-16இல் 78.9 விழுக்காடாக உயர்ந்தது. இது பெரிய சாதனைதான். ஆனால் ஒன்பது மாநிலங்களின் மாவட்டங்களை எடுத்துக்கொண்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வால், மருத்துவமனைப் பிரசவ விகிதத்துக்கும் தாய் இறப்பு விகிதத்துக்கும் இடையே குறிப்பிடத்தக்க தொடர்பைக் காண முடியவில்லை. வாசல்வரை வந்த தாய்மார்களுக்கு உள்ளே என்ன கிடைத்தது?

உயர்தர மருத்துவ அமைப்புகள் குறித்த லான்செட் ஆணையத்தின் பணியையொட்டி 2018இல் வெளியான மதிப்பீடு இந்தக் கேள்விக்கு உலக அளவில் ஒரு விடை தந்தது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் சிகிச்சையால் தடுத்திருக்கக்கூடிய இறப்புகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 86 லட்சம். அவற்றில் சுமார் 50 லட்சம் பேர் மருத்துவ வசதியை எட்டிய பிறகு, அங்கே கிடைத்த பராமரிப்பின் தரக்குறைவால் இறந்தவர்கள். வசதியையே எட்டாமல் இறந்தவர்கள் 36 லட்சம். இந்தியாவில் தரக்குறைவால் நேர்ந்தவை மட்டும் ஏறத்தாழ 16 லட்சம் என்பது அந்த மதிப்பீடு. மாதிரிக் கணக்குகளின் அடிப்படையில் வந்த எண்கள் இவை. நூற்றுக்கு நூறு துல்லியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவை காட்டும் திசையை மறுப்பதுதான் கடினம்.

உள்நோயாளிக்கு எது நல்ல பராமரிப்பு என்பது மருத்துவத்துக்குப் பெரும்பாலும் தெரிந்த செய்தி. கை கழுவ வேண்டும், அறுவைக்கு முன் உரிய நேரத்தில் ஆண்டிபயாடிக் கொடுக்க வேண்டும், காய்ச்சலும் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் மாறுவதைக் கவனிக்க வேண்டும். தெரிந்ததை நாள்தோறும், ஒவ்வொரு கட்டிலிலும், இரவு இரண்டு மணிக்கும் நடக்கச் செய்வது எப்படி என்பதே சிக்கல். கடந்த இருபது ஆண்டுகளில் இதற்கு மிகுதியாக முன்வைக்கப்பட்ட விடை சரிபார்ப்புப் பட்டியல். அந்த விடை எவ்வளவு பாரம் தாங்கும் என்று இக்கட்டுரை பார்க்கிறது. பட்டியலைச் செயலாக்கும் கைகள் போதிய எண்ணிக்கையில், போதிய அதிகாரத்தோடு நோயாளியின் அருகே இல்லாத இடத்தில் எந்தப் பட்டியலும் உயிரைக் காப்பதில்லை. சான்றுகள் என்னை இந்த முடிவுக்கே கொண்டுவருகின்றன.

2. பட்டியலின் வெற்றிக் கதை

பட்டியலின் புகழ் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்குகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவருக்குக் கழுத்திலோ தோளடியிலோ பெரிய ரத்தக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்துவார்கள். சென்ட்ரல் லைன் என்பார்கள். அதன் வழியாகக் கிருமி நேரே ரத்தத்தில் கலந்தால் உயிர் போகலாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் புரொனொவோஸ்ட் இதைத் தடுக்க ஐந்து செயல்களை மட்டும் வரிசைப்படுத்தினார்: கை கழுவுதல், நோயாளியை முழுதாகப் போர்த்திக் கவசம் அணிந்து குழாய் செலுத்துதல், குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைத்தல், தொடையிடுக்கைத் தவிர்த்தல், தேவை முடிந்த குழாயை உடனே எடுத்துவிடுதல். நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த இந்த முயற்சியின் முடிவு 2006இல் வெளியானது. 1000 குழாய்-நாட்களுக்குச் சராசரியாக 7.7 என்றிருந்த தொற்று, ஒன்றரை ஆண்டுக்குள் 1.4 ஆகக் குறைந்தது.

அடுத்தது அறுவை அரங்கு. உலகச் சுகாதார நிறுவனத்துக்காக அதுல் கவாண்டே தலைமையில் உருவான அறுவைப் பாதுகாப்புப் பட்டியல், டெல்லி, அம்மான், மணிலா, தான்சானியாவின் இஃபகாரா, லண்டன், சியாட்டில், டொரன்டோ, ஆக்லாந்து என எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டது. மயக்க மருந்துக்கு முன், கீறலுக்கு முன், நோயாளி அரங்கை விட்டு வெளியேறுமுன் என மூன்று இடங்களில் நின்று சில கேள்விகளை வாய்விட்டுக் கேட்க வேண்டும்; அவ்வளவுதான். 2009இல் வெளியான முடிவின்படி அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5இலிருந்து 0.8 விழுக்காடாகவும், கடும் சிக்கல்கள் 11இலிருந்து 7 விழுக்காடாகவும் குறைந்தன. ஒரே ஒரு தாளால் சாவு பாதியாகக் குறைந்தது என்று உலகம் எடுத்துக்கொண்டது.

ஆனால் மிச்சிகனில் நடந்தது ஒரு தாள் மட்டும்தானா? அந்தத் திட்டத்தை உள்ளிருந்து ஆராய்ந்த மேரி டிக்சன்-வுட்ஸ் போன்ற சமூகவியலாளர்கள் இல்லை என்கிறார்கள். புரொனொவோஸ்டும் அவர்களோடு சேர்ந்தே 2009இல் அதை எழுதினார். தொடக்கத்தில் பல பிரிவுகளில் குளோர்ஹெக்சிடினே கையிருப்பில் இல்லை. நிர்வாகத்தின் உயர் அதிகாரிகள் பிரிவுகளுக்கு நேரில் வந்து அந்தப் பற்றாக்குறையைத் தீர்த்தார்கள். வேண்டிய பொருள்களையெல்லாம் ஒரே வண்டியில் சேர்த்து வைத்தார்கள். தொற்றுக் கணக்கு மாதந்தோறும் ஒவ்வொரு பிரிவுக்கும் திரும்பி வந்தது. எல்லாவற்றிலும் பெரிய மாற்றம், டாக்டர் ஒரு படியைத் தவறவிட்டால் செவிலியர் அவரை நிறுத்தலாம் என்பது. நிறுத்தினால் நிர்வாகம் செவிலியரின் பக்கம் நிற்கும் என்பதும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. பட்டியல் அங்கே ஓர் அதிகார மாற்றத்தின் கருவியாக இருந்தது. பிற நாடுகளுக்குப் பயணப்பட்டபோது தாள் போனது. அதிகார மாற்றம் பின்தங்கிவிட்டது.

3. அதே பட்டியல், வேறு முடிவுகள்

கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் அறுவைப் பட்டியலைக் கட்டாயமாக்கியது. 101 மருத்துவமனைகள், பட்டியலுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள். 2014இல் வந்த முடிவின்படி இறப்பு 0.71இலிருந்து 0.65 விழுக்காடானது; புள்ளியியல் நோக்கில் இது மாற்றமே இல்லை. பட்டியல் முழுமையாகப் பின்பற்றப்படுவதாக அந்த மருத்துவமனைகள் தாமே அறிக்கை தந்திருந்தன. நோயாளிப் பாதுகாப்பு இயக்கத்தின் முன்னோடியான லூசியன் லீப், பட்டியல் உண்மையில் பயன்படுத்தப்படவில்லை, குறி மட்டுமே போடப்பட்டது என்று விளக்கினார். இந்த விளக்கம் ஓரளவு சரிதான். ஆயினும் அதில் ஒரு வசதியான வாதம் ஒளிந்திருக்கிறது. வென்றால் பட்டியல் வென்றது, தோற்றால் பட்டியலைப் பயன்படுத்தவில்லை என்று சொல்லிக்கொண்டே போனால் எந்தக் கருத்தையும் சோதிக்கவே முடியாது.

பிரேசிலின் 118 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த சோதனை 2016இல் வெளியானது. அன்றாடப் பட்டியல், ஒவ்வொரு நோயாளிக்கும் அன்றைய இலக்கு, விட்டுப்போனதை நினைவூட்டல் என எல்லாம் சேர்த்துச் செய்தார்கள். மருத்துவமனை இறப்பில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

நமக்கு மிக நெருங்கிய சோதனை உத்தரப் பிரதேசத்தில் நடந்தது. அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவப் பட்டியல் முதலில் கர்நாடகத்தின் ஒரு சிறு மருத்துவமனையில் முயன்று பார்க்கப்பட்டது. செய்ய வேண்டிய 29 செயல்களில் சராசரியாகப் பத்து மட்டுமே நடந்துவந்த இடத்தில், பட்டியல் வந்த பிறகு 25 நடந்தன. இந்த ஊக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் 24 மாவட்டங்களில் 120 நிலையங்களைத் தேர்ந்தெடுத்து, 60இல் பட்டியலும் மாதக்கணக்கில் நேரடிப் பயிற்சித் துணையும் தந்து, மற்ற 60ஐ வழக்கம்போல விட்டு ஒப்பிட்டார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்-சேய் இணைகளைப் பின்தொடர்ந்த மிகப் பெரிய ஆய்வு இது. 2017இல் முடிவு வந்தது. இரண்டு மாதத்தில், பட்டியல் இருந்த நிலையங்களில் செய்ய வேண்டிய செயல்களில் 72.8 விழுக்காடு நடந்தன, மற்றவற்றில் 41.7. செயல்கள் மேம்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் தாய் இறப்பு, கடும் நோய்நிலை, பச்சிளங்குழந்தை இறப்பு மூன்றையும் சேர்த்த அளவு ஒரு பக்கம் 15.1, மறுபக்கம் 15.3 விழுக்காடு. பயிற்சியாளர்கள் விலகிய பின், பன்னிரண்டாம் மாதத்தில், செயல்களின் அளவும் 61.7 விழுக்காடாகச் சரிந்தது.

ஏன்? இவை பெரும்பாலும் சிசேரியன் வசதியற்ற நிலையங்கள். ரத்தப்போக்கு மிகும் என்று பட்டியல் எச்சரிக்கலாம். ஏற்ற ரத்தம் அருகில் இல்லை. குழந்தை மூச்சுவிடவில்லை என்று செவிலியர் உடனே கண்டுகொள்ளலாம். மூச்சூட்டும் திறன் கையில் ஏறியிருக்க வேண்டும், பையும் முகமூடியும் மேசைமேல் இருக்க வேண்டும். பட்டியல் ஆபத்தைக் காட்டும். காட்டப்பட்ட ஆபத்தை எதிர்கொள்ள ஆளும் பொருளும் மேல்சிகிச்சைக்கு வழியும் இல்லையென்றால், அதைக் கண்டுகொண்டதால் மட்டும் எண்ணிக்கை மாறாது. இந்தச் சோதனையைத் தோல்வி என்று ஒதுக்குவது தவறு. இந்திய மருத்துவமனைகள் குறித்து நமக்குக் கிடைத்த மிக நேர்மையான சான்றுகளில் இது ஒன்று.

4. சிக்கலும் சாவும்

மேற்கண்ட முரண்களைப் புரிந்துகொள்ள வேறொரு ஆய்வுத் தொடர் உதவுகிறது. நல்ல மருத்துவமனையில் சிக்கல்கள் குறைவாக நேரும், மோசமானதில் மிகுதியாக நேரும், இறப்பு வேறுபாட்டுக்கு அதுவே காரணம் என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. 2009இல் அமீர் கஃபேரியும் அவருடைய குழுவினரும் 84,730 அறுவை நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து அந்த எண்ணத்தைக் கலைத்தார்கள். இறப்பு மிகக் குறைந்த மருத்துவமனைகளிலும் மிக அதிகமானவற்றிலும் சிக்கல் நேர்ந்தவர்கள் 24.6 முதல் 26.9 விழுக்காடு வரைதான். ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் கடும் சிக்கல் நேர்ந்தவர்களில் முதல் வகையில் இறந்தவர்கள் 12.5 விழுக்காடு, இரண்டாம் வகையில் 21.4. ரத்தம் கசிவதையோ தொற்று தலைதூக்குவதையோ யார் எவ்வளவு விரைவில் கண்டு, யாரை அழைத்து, என்ன செய்தார்கள் என்பதில்தான் உயிர் நின்றது. மருத்துவமனைத் தரத்தைப் பற்றி நான் படித்தவற்றில் இதைப்போல் என் பார்வையை மாற்றிய எண்கள் வேறில்லை.

ஏழை நாடுகளில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழமானது. ஆப்பிரிக்காவின் 25 நாடுகளில் 247 மருத்துவமனைகளைப் பார்த்த 2018ஆம் ஆண்டின் ஆய்வில், நோயாளிகள் உலகச் சராசரியைவிட இளையவர்கள், அறுவைக்கு முந்தைய அபாயமும் குறைந்தவர்கள். இருந்தும் அறுவைக்குப் பின் இறக்கும் வாய்ப்பு உலகச் சராசரியைப்போல் இரண்டு மடங்கு. இறந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் அறுவை நாளைக் கடந்த பிறகு, அதாவது வார்டில் கிடக்கும்போது இறந்தார்கள். கத்தி பிடித்த கை தன் வேலையைச் செய்திருந்தது. அதற்குப் பிந்தைய நாட்களில்தான் யாரும் இல்லை.

அந்த ஆய்வுக் குழு அதோடு நிற்கவில்லை. அபாயம் மிகுந்த நோயாளிகளை அடையாளம் கண்டு கண்காணிப்பைக் கூட்டினால் இறப்பு குறையுமா என்று முன்னூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் சோதித்தார்கள். செவிலியர் மேசையிலிருந்து பார்வைக்குத் தெரியும் கட்டில், அடிக்கடி நாடியும் அழுத்தமும் பார்த்தல், எப்போது டாக்டரை அழைக்க வேண்டும் என்ற குறிப்பு, குடும்பத்தார் ஒருவர் கட்டிலருகே இருக்க அனுமதி ஆகியவை அதில் அடங்கும். 2021இல் வெளியான முடிவு: இறப்பிலும் கடும் சிக்கலிலும் வேறுபாடு இல்லை. ஏற்கெனவே மூச்சுமுட்ட வேலை செய்யும் அதே செவிலியரிடம் கூடுதல் கண்காணிப்பைக் கேட்டால், சொன்னபடி அது நடப்பது எப்படி? கேட்டதைச் செய்ய ஆள் கூட்டப்படவில்லை. என் வாசிப்பில், பிரேசிலும் உத்தரப் பிரதேசமும் ஆப்பிரிக்காவும் ஒரே இடத்தைத்தான் சுட்டுகின்றன.

5. ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள்?

அந்த இடத்தை, அதாவது நோயாளிக்கு எத்தனை செவிலியர் என்பதை, முப்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர் செவிலியத்துறை ஆய்வாளர் லிண்டா ஐக்கன். பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளைக் கொண்டு 2002இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடினால், அறுவை நோயாளி 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது. 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகள், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் என்ற அளவில் இது மீண்டும் ஆராயப்பட்டது; அதே 7 விழுக்காடு. செவிலியர்களில் பட்டம் பெற்றவர்களின் பங்கு பத்து விழுக்காடு கூடினால் இறப்பு வாய்ப்பு 7 விழுக்காடு குறைகிறது என்பதும் அங்கே தெரிந்தது.

இதற்கு எதிரான வாதம் வலுவானது. தட்டிக் கழிக்கக் கூடாது. செவிலியர் அதிகமுள்ள மருத்துவமனை பணமுள்ள மருத்துவமனையாக இருக்கும். அங்கே கருவிகளும் டாக்டர்களும் சிறப்பாக இருப்பார்கள். காரணம் செவிலியர்தான் என்று எப்படிச் சொல்வது? இந்த ஐயத்தைப் பெருமளவு தீர்ப்பது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து. 2016 ஜூலையில் அந்த மாநிலம் சில மருத்துவமனைகளில் மட்டும் சட்டப்படி ஒரு வரம்பு வைத்தது: பகலில் ஒரு செவிலியருக்கு நான்கு நோயாளிகள், இரவில் ஏழு. வரம்பு வந்த 27 மருத்துவமனைகளையும் வராத 28ஐயும் முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2021இல் முடிவை வெளியிட்டார்கள். வரம்பு வந்த இடங்களில் இறப்பு வாய்ப்பு குறைந்தது, வராத இடங்களில் குறையவில்லை. நோயாளிகள் விரைவாக வீடு திரும்பினார்கள். திரும்பச் சேர்க்கப்படுவதும் ஓரளவு தவிர்க்கப்பட்டது. இதனால் மிச்சமான செலவு கூடுதல் செவிலியருக்கான செலவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இதுவும் குலுக்கல் முறைச் சோதனை ஆகாது. ஆனாலும் கொள்கை வகுக்கப் போதுமான சான்று என்றே நான் கருதுகிறேன். பட்டியலுக்கு இருந்ததைவிட இதற்குச் சான்று குறைவாக இல்லை.

பட்டியல் ஏன் இவ்வளவு விரைவாக உலகெங்கும் பரவியது, செவிலியர் வரம்பு ஏன் சில மாநிலங்களோடு நின்றது என்று கேட்டால் விடை எளிது. பட்டியலை அச்சிட்டால் போதும். செவிலியருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும்.

6. நம் வார்டில்

இந்தியச் செவிலியர் மன்றத்தின் நெறி, கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் ஐந்துக்கு ஒருவர், விடுப்புக்காக மேலும் 30 விழுக்காடு என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. இந்த விகிதத்தைப் பணியிடங்களின் மொத்தக் கணக்காக வாசித்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். 40 கட்டில் கொண்ட வார்டுக்கு எட்டுச் செவிலியர். விடுப்பையும் வார ஓய்வையும் கூடுதல் இடங்கள் ஈடுசெய்வதாக வைத்துக்கொண்டாலும், காலை மூவர், மதியம் மூவர், இரவு இருவர். இரவில் ஒருவருக்கு இருபது நோயாளிகள். நெறி முழுமையாக நிறைவேறினால் கிடைப்பதே இவ்வளவுதான். பணியிடம் காலியாக இருந்தால், கட்டில் நிரம்பித் தரையிலும் பாய் விரித்திருந்தால், ஒரே ஆள் முழு வார்டையும் பார்க்கிறார். குயின்ஸ்லாந்தின் இரவு வரம்பு ஏழு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அந்த ஒருவர் செய்யும் வேலையிலும் நோயாளியைத் தொடும் வேலை ஒரு பகுதிதான். கேஸ் ஷீட் எழுதுவது, மருந்துக்கு இண்டெண்ட் போடுவது, பதிவேடுகளை நிரப்புவது, கணினியில் ஏற்றுவது, காப்பீட்டுக் காகிதங்களைச் சேர்ப்பது, எல்லாம் அவர் தலையில். தரம் என்ற பெயரில் புதிதாக ஒரு பட்டியல் வரும்போது, நிரப்ப வேண்டிய தாள்களில் இன்னொன்று கூடுகிறது. நோயாளியின் அருகே செலவிட வேண்டிய சில நிமிடங்களை அது எடுத்துக்கொள்கிறது.

அப்படியானால் நம் வார்டுகள் எப்படி ஓடுகின்றன? உடனிருப்பவர்களால் ஓடுகின்றன. டிரிப் முடியும் நேரம் பார்த்து, “சிஸ்டர், பாட்டில் முடியப்போகுது” என்று ஓடிவந்து சொல்பவர் மனைவி. ஸ்ட்ரெச்சரைத் தள்ளுபவர் மைத்துனர். ரத்த மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோய், முடிவை வாங்கி வருபவர் மகன். மூக்குக் குழாய் வழியே கஞ்சி ஊற்றுவதும், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவதும், சிறுநீர்ப் பையைக் காலி செய்வதும் தாய், தங்கை, மருமகள். பெரும்பாலும் பெண்கள், கூலி இழந்து, இரவில் வராண்டாவில் துண்டு விரித்துப் படுப்பவர்கள். இந்த உழைப்பு எந்தத் திட்ட அறிக்கையிலும் ஒரு வரியாக இடம்பெறுவதில்லை. கோவிட் காலத்தில் உடனிருப்பவரை உள்ளே விடக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தபோது, எத்தனை வேலைகளை அவர்கள் சுமந்திருந்தார்கள் என்பது வெளிப்பட்டது. யாருமற்று வந்து சேரும் நோயாளிக்கு எல்லா நாளும் கோவிட் நாள்தான்.

குடும்பத்தாரைப் பயிற்றுவித்தால் பராமரிப்பு மேம்படும் என்று வாதிடுவோர் உண்டு. வீடு திரும்பிய பின் காயத்தைப் பார்த்துக்கொள்ளவும் மருந்தைத் தவறாமல் கொடுக்கவும் அந்தப் பயிற்சி மிகவும் தேவை. பிரசவ அறையில் தாய்க்குத் துணையாக உறவுப் பெண் ஒருவரை அனுமதிக்கும் தமிழ்நாட்டின் ஏற்பாடும் நல்லதே. ஆனால் அறுவை முடிந்த மூன்றாம் நாள் நாடி 120க்கு ஏறுவது வலியாலா, உள்ளே ரத்தம் கசிவதாலா என்று மனைவி முடிவெடுக்க முடியாது. அன்பு மிகுந்த கண்ணும் பயிற்சி பெற்ற கண்ணும் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்ய முடியாது.

பயிற்சி பெற்ற கண்ணை நாம் எப்படி நடத்துகிறோம்? 2015இல் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வெழுதிச் சேர்ந்த ஆயிரக்கணக்கான செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராடினார்கள். தனியார் துறையின் நிலை மேலும் மோசம். உச்ச நீதிமன்றத்தின் 2016 ஜனவரி ஆணையை அடுத்து அமைந்த மத்திய அரசுக் குழு, சிறிய தனியார் மருத்துவமனையிலும் செவிலியர் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. கேரளம் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2018இல் அந்த அளவைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது. பாதுகாப்பற்ற வேலையில் இருப்பவர் மூத்த டாக்டரை நோக்கி, “சார், கை கழுவலை” என்று சொல்ல முடியுமா? மிச்சிகனின் அடித்தளமே அந்த ஒரு வாக்கியம்தான்.

இதே தமிழ்நாட்டில்தான் எதிர்ச்சான்றும் இருக்கிறது. மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 2001-03இல் லட்சம் பிறப்புக்கு 134 ஆக இருந்த தாய் இறப்பு 2018-20இல் 54 ஆனது. அதே காலத்தில் இந்திய அளவு 301இலிருந்து 97. இதற்குப் பட்டியல் காரணமில்லை. ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் இருக்கும்படி மூன்று செவிலியர்களை அமர்த்தினார்கள். அறுவையும் ரத்தமும் எந்நேரமும் கிடைக்கும் அவசர மகப்பேறு மையங்களை அமைத்தார்கள். 1994இல் உருவான மருத்துவப் பணிகள் கழகம் மருந்து தீராமல் பார்த்துக்கொண்டது. ஒவ்வொரு தாயின் சாவும் உடனுக்குடன் அறிவிக்கப்பட்டு, எங்கே தாமதம், எது இல்லை என்று விசாரிக்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்தின் நிலையங்களில் எவை இல்லையோ அவை இங்கே இருந்தன. சாலை, கல்வி, குறைந்த பிள்ளைப்பேறு ஆகியவற்றின் பங்கையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். மருத்துவமனை மட்டும் செய்த வேலை என்று சொன்னால் மிகையாகிவிடும். சாவு விசாரணைகள் சில நேரம் கீழ்மட்டச் செவிலியர்மேல் பழி சுமத்தும் கூட்டமாகச் சுருங்குவதும் உண்டு. பழிக்கு அஞ்சுபவர் அடுத்த முறை உண்மையைப் பதிவு செய்யமாட்டார். அது திருத்தப்பட வேண்டும். ஆனாலும் ஒரு சாவை எண்ணி, காரணம் கேட்டு, ஆளையும் பொருளையும் கூட்டும் பழக்கம் தாய்மாருக்கு மட்டும் ஏன்? குடல் அறுவைக்குப் பின் வார்டில் இறந்த ஐம்பது வயதுக்காரருக்கு ஏன் இல்லை?

7. சான்றிதழ் காட்டுவதும் காட்டாததும்

இன்றைய நம் கொள்கை தரத்தைச் சான்றிதழால் அளக்கிறது. தனியார் துறைக்குத் தேசிய மருத்துவமனை அங்கீகார வாரியம், அரசு மருத்துவமனைக்கு 2013இல் வந்த தேசியத் தர நெறிகள், பிரசவ அறைக்கு 2017இன் லக்ஷ்யா. இவற்றால் நன்மை இல்லை என்று சொல்லமாட்டேன். கழிவைப் பிரிப்பதும், அவசர மருந்து வண்டி தயாராக நிற்பதும், கழிப்பறை சுத்தமாவதும் பல இடங்களில் இவற்றால் நடந்தவை. ஆனால் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் குறைவாக இறக்கிறார்களா? அமெரிக்காவில் 4,400 மருத்துவமனைகளை ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டின் ஆய்வில், தனியார் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்றவற்றுக்கும் மாநில அரசின் ஆய்வு மட்டும் நடந்தவற்றுக்கும் இடையே 30 நாள் இறப்பில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

சான்றிதழ் எந்த அளவுக்கு மறைக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபோர்ட்ஷையர் மருத்துவ அறக்கட்டளை ஓர் எச்சரிக்கை. அந்த அறக்கட்டளை மருத்துவமனை செலவைச் சுருக்க 150க்கும் மேற்பட்ட பணியிடங்களை நீக்கியது. அவற்றில் செவிலியர் இடங்களும் இருந்தன. இறப்பு விகிதம் அதிகம் என்று 2007இல் எண்கள் காட்டியபோது, பதிவு செய்யும் முறையில் பிழை என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. 2008 பிப்ரவரியில் அதற்கு உயர் தன்னாட்சித் தகுதி வழங்கப்பட்டது. நோயாளிகளின் குடும்பத்தார் விடாமல் போராடியதால்தான் உண்மை வெளிவந்தது. ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணை 2013இல் 290 பரிந்துரைகளை வைத்தது. அதையடுத்து 2014 முதல் இங்கிலாந்தின் மருத்துவமனைகள், எத்தனை செவிலியர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை வெளியிட வேண்டும் என்றானது.

8. கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டின் சூழலில், நோயாளியருகே போதிய செவிலியர் இருப்பதை உறுதிசெய்யப் புதிய ஆராய்ச்சி எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வார்டின் வாசலிலும், இந்த வேளைக்கு இத்தனை நோயாளிகள், இத்தனை செவிலியர்கள் என்று எழுதி வைக்கலாம். ஒரு கரும்பலகை போதும். விகிதத்தைப் பணியிடக் கணக்காக அறிவிக்காமல், வேளைக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதாகச் சட்டத்தில் எழுதலாம். இரவுக்குத் தனி வரம்பு வேண்டும். பதிவேடு நிரப்பும் வேலையைச் செவிலியரிடமிருந்து எடுத்து எழுத்தரிடம் கொடுக்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அரசு, தனியார் இரண்டுக்கும் அறுவைக்குப் பணம் கொடுக்கிறது. அந்த நோயாளிகளில் எத்தனை பேர் 30 நாட்களுக்குள் இறந்தார்கள் என்பதை, நோயின் கடுமைக்கு ஏற்பச் சரிசெய்து, மருத்துவமனைவாரியாக ஆண்டுதோறும் வெளியிடும்படி கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. கொடுக்கப்படுவது அவர்களுடைய பணம்.

பட்டியல்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 14 மருத்துவமனைகள் மனமொன்றிப் பட்டியலைக் கைக்கொண்ட அமெரிக்காவின் தென் கரோலினாவில் இறப்பு குறைந்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது, ஸ்காட்லாந்திலும் குறைந்தது. அங்கெல்லாம் பட்டியலை வாய்விட்டுப் படிக்க ஆள் இருந்தார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்கும் ஒழுங்கும் இருந்தது. நம் மருத்துவமனைகளில் அடுத்த தரத் திட்டம் அறிவிக்கப்படும்போது வாசகர்கள் அமைச்சரிடமும் டீனிடமும் மருத்துவமனை முதலாளியிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இன்றிரவு இந்த வார்டில் எத்தனை செவிலியர்கள் டூட்டியில் இருக்கிறார்கள்?